பொருள் தெரியும், வேற்றுமைதான் தெரியவில்லை: ஆங்கிலத்தில் எழுதும் தமிழருக்கு மூன்று இலவச அகராதிகள்

'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமல் யாரும் தடுமாறுவதில்லை. ஆனாலும் அலுவலக மின்னஞ்சலிலும் இணையத்தில் போடும் பதிவிலும் 'வி டிஸ்கஸ்ட் அபௌட் தி இஷ்யூ' என்று எழுதிவிடுகிறோம். அந்த 'அபௌட்' அங்கே வரக்கூடாது. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று மனசு தமிழில் ஓடுகிறது, 'பற்றி'க்கு ஆங்கிலத்தில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிடுகிறோம். 'கேன் யூ சஜஸ்ட் மி எ குட் புக்', 'ப்ளீஸ் எக்ஸ்பிளெய்ன் மி' என்பவையும் இதே வழியில்தான் வருகின்றன. எனக்குப் பரிந்துரையுங்கள், எனக்கு விளக்குங்கள் என்பதில் இருக்கும் நான்காம் வேற்றுமை அப்படியே ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'கிவ் மி', 'டெல் மி', 'சென்ட் மி' எல்லாம் சரியாக இருக்கும்போது 'சஜஸ்ட் மி' மட்டும் ஏன் தவறு என்பதை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லுக்குச் சொல் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மூன்று அகராதிகளைப் பற்றியது இந்த மதிப்புரை: லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ். மூன்றும் ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகக் கற்பவர்களுக்காகவே செய்யப்பட்டவை. ஆங்கிலேயர் தமக்காக வைத்திருக்கும் அகராதி வேறு வகை. அதில் அரிய சொற்கள் நிறைய இருக்கும், ஆனால் 'அட்வைஸ்' என்ற சொல்லோடு 'எஸ்' சேராது என்பதை யாரும் எச்சரித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

இந்த வகை அகராதி பிறந்த இடங்களைப் பார்த்தாலே அதன் நோக்கம் புரியும். வங்காளத்தில், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து 1935இல் ஒன்று கொண்டுவந்தார். வெறும் 1,490 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய 24,000 பதிவுகளுக்கு அதில் விளக்கம் சொல்லியிருந்தார்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடைய சகாக்களும் செய்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியானது. அதைத்தான் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வினைச்சொல்லும் எந்தெந்த வாக்கிய அமைப்பில் வரும் என்று வகைபிரித்துக் காட்டியதுதான் ஹார்ன்பியின் பெரிய உபகாரம். வகுப்பறையில் நம்மைப் போன்ற மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று நேரில் பார்த்தவர்கள் செய்த வேலை இது.

எழுதும் வேலைக்கு முதலிடம் லாங்மனுக்கு.

அதில் 'டிஸ்கஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். சொல்லுக்குப் பக்கத்திலேயே 'டிரான்சிட்டிவ்' என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். செயப்படுபொருள் குன்றாத வினை, அதாவது பேசப்படும் விஷயம் இடையில் எதுவும் இல்லாமல் நேராக ஒட்டி வரவேண்டும் என்று அர்த்தம். விளக்கத்தை நிதானமாகப் படித்தால் இன்னொன்றும் கண்ணில் படும். அதில் 'டு டாக் அபௌட் சம்திங்' என்றுதான் தொடங்குகிறார்கள். 'அபௌட்' என்பது 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது, வெளியே இன்னொன்று எதற்கு? அதற்குக் கீழே தடித்த எழுத்தில் இரண்டு அமைப்புகள்: 'டிஸ்கஸ் சம்திங் வித் சம்படி' ஒன்று, 'டிஸ்கஸ் வாட், ஹூ, வேர்' என்று கேள்விச்சொல்லோடு வருவது மற்றொன்று. 'டிஸ்கஸ் அபௌட்' என்று சொல்லாதீர்கள் என்று பெருக்கல் குறி போட்ட இலக்கணக் குறிப்பும் உண்டு. பக்கத்தில் நமக்கு வேண்டிய பகுதி இவ்வளவுதான். விளக்க வரியை விட்டுவிட்டு, அடைப்புக்குறியையும் தடித்த எழுத்தையும் மட்டும் படிக்கப் பழகினால் ஒரு சொல்லுக்கு அரை நிமிடம் போதும்.

பெயர்ச்சொல்லுக்கு வந்தால் பார்க்க வேண்டிய அடையாளம் 'கௌன்டபிள்', 'அன்கௌன்டபிள்'. தமிழில் அறிவுரைகள், தகவல்கள், கருவிகள், மென்பொருள்கள் என்று 'கள்' சேர்க்கத் தடையே இல்லை. அந்தத் துணிச்சலில் 'அட்வைசஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'சாஃப்ட்வேர்ஸ்' என்று எழுதுகிறோம். கடைசிச் சொல் வேலைக்கு அனுப்பும் தன்விவரத்தில் அடிக்கடி தலைகாட்டும். நான்குமே ஆங்கிலத்தில் எண்ண முடியாதவை. ஒன்றைக் குறிக்க வேண்டுமென்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று சுற்றிப் போக வேண்டும். இந்த மாற்றுவழியையும் லாங்மன் அங்கேயே கொடுத்துவிடுகிறது.

'கௌன்டபிள்' என்ற அடையாளத்துக்கு இன்னொரு பயனும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. தமிழில் 'எ', 'தி' கிடையாது. 'நான் பொறியாளர்' என்றால் வாக்கியம் முடிந்தது. எனவே 'ஐ ஆம் இன்ஜினியர்' என்று எழுதுவது நமக்கு உறுத்துவதே இல்லை. ஆனால் கௌன்டபிள் என்று குறித்த சொல் ஒருமையில் பெரும்பாலும் தனியாக நிற்காது. முன்னால் 'எ', 'தி', 'மை', 'திஸ்' என ஏதாவது ஒன்று வேண்டும். எது வேண்டும் என்பது தனிக் கேள்வி, அதற்கு இலக்கண நூல்தான் வழி. ஏதோ ஒன்று வேண்டும் என்பதையாவது இந்த ஓர் அடையாளம் நினைவூட்டிவிடும். விட்டுப்போன இடங்களில் கணிசமானவை இதிலேயே பிடிபடும்.

லாங்மனில் மிகவும் விரும்பிப் பார்க்க வேண்டியது சொற்சேர்க்கைப் பெட்டி. பலத்த மழை, பலத்த காற்று என்று தமிழில் ஒரே அடைமொழி இரண்டுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. 'ஸ்ட்ராங் ரெய்ன்' என்று எழுதினால் புரியும், ஆனால் படிப்பவர் ஒரு நொடி நிற்பார். (மழை விஷயத்தில் 'கனமழை' என்ற நம் சொல் ஆங்கிலத்தோடு அழகாக ஒத்துப்போகிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.) முடிவு 'எடுப்பது' பற்றியும் இங்கே பார்க்கலாம்: 'மேக் எ டிசிஷன்' பொதுவானது, 'டேக் எ டிசிஷன்' பிரிட்டிஷ் வழக்கு என்று குறித்திருப்பார்கள். அமெரிக்க வாசகருக்கு எழுதுகிறீர்கள் என்றால் முதலாவதுதான் பாதுகாப்பு.

சொல்லுக்குப் பக்கத்தில் எஸ் ஒன்று, டபிள்யூ ஒன்று என்ற சிறு அடையாளங்கள் இருக்கும். பேச்சில் அதிகம் புழங்கும் முதல் ஆயிரம் சொற்களில் ஒன்றா, எழுத்தில் அதிகம் புழங்கும் முதல் ஆயிரத்தில் ஒன்றா என்பதை அவை சொல்கின்றன. இரண்டு, மூன்று என்று வந்தால் அடுத்தடுத்த ஆயிரங்கள். இரண்டு சொற்களில் எதைப் போடுவது என்று குழம்பும்போது டபிள்யூ உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து இயல்பாக இருக்கும்.

லாங்மனின் குறைகளும் உண்டு. விளம்பரங்கள் அதிகம், கைபேசியில் பக்கம் மிக நீளமாக ஓடும். கீழே போகப் போக வணிக அகராதியின் பதிவும் அதே பக்கத்தில் தொடங்கிவிடும், அதை முதல் அகராதியின் இன்னொரு பொருள் என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. அச்சில் ஆறாம் பதிப்பு வந்தது 2014இல். அதன் பிறகு புழக்கத்துக்கு வந்த சொற்களுக்கு இதை நம்பி இருக்க வேண்டாம், மற்ற இரண்டில் ஒன்றைப் பாருங்கள்.

இரண்டாமிடம் ஆக்ஸ்ஃபோர்டு. எச்சரிக்கைகளைப் பொறுத்தவரை சில இடங்களில் லாங்மனையும் இது மிஞ்சும். 'சஜஸ்ட்' பக்கத்தில் 'சஜஸ்ட் சம்படி சம்திங்' என்று சொல்ல முடியாது என்று உதவிக் குறிப்பு போட்டு, 'கேன் யூ சஜஸ்ட் மி' என்று தொடங்கும் வாக்கியத்தைக் கோடிட்டு அடித்தே காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் யாரோ எழுதியதைப் பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கும். 'எக்ஸ்பிளெய்ன்' பக்கத்திலும் இதே போல. சரியான அமைப்பு 'சஜஸ்ட் சம்திங் டு சம்படி', 'எக்ஸ்பிளெய்ன் சம்திங் டு சம்படி'. நம் 'எனக்கு' ஆங்கிலத்தில் 'டு மி' ஆகி, வாக்கியத்தின் கடைசிக்குப் போகிறது.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பதற்கும் ஆக்ஸ்ஃபோர்டில் மருந்து உண்டு. உடைமையையோ உறவையோ சொல்லும் 'ஹேவ்' தொடர்நிகழ்காலத்தில் வராது என்று பொருளுக்கு முன்னாலேயே குறித்திருப்பார்கள். 'நோ', 'பிலாங்' போன்ற சொற்களுக்கும் இதே குறிப்பு. எந்த வினைக்கு 'இங்' போடுவது என்று சந்தேகம் வந்தால் அந்தக் குறிப்பைத் தேடுங்கள்.

இன்னொரு சிறப்பு, வழக்கு அடையாளங்கள். 'ப்ரிபோன்' என்று தேடினால் இந்திய ஆங்கிலம் என்று குறித்து, கூட்டத்தையோ நிகழ்ச்சியையோ முன்கூட்டியே வைப்பது என்ற பொருள் தந்திருப்பார்கள். இந்த அடையாளத்தைத் தவறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெங்களூருவில் இருக்கும் சக ஊழியருக்கு எழுதும்போது தாராளமாக எழுதலாம். மான்செஸ்டரில் இருப்பவருக்கு எழுதும்போது 'பிரிங் ஃபார்வர்ட்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பார்த்து முடிவு செய்ய இப்படி ஒரு தகவல் கையில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி!

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'கைண்ட்லி'. 'தயவுசெய்து' என்பதற்கு நேர்ச்சொல் என்று நினைத்து, மரியாதைக்காக ஒவ்வொரு மின்னஞ்சலிலும் எழுதுகிறோம். இந்தியாவுக்குள் அது மரியாதையாகத்தான் படிக்கப்படும். ஆனால் கோரிக்கை வைக்கப் பயன்படும் இந்தச் சொல், பேசுபவர் எரிச்சலில் இருக்கும்போது அதிகம் வரும் என்று லாங்மனும் ஆக்ஸ்ஃபோர்டும் சொல்கின்றன, ஆக்ஸ்ஃபோர்டு பழைய வழக்கு என்றும் சேர்த்துச் சொல்கிறது. 'கைண்ட்லி ரிப்ளை' என்று பணிவாகக் கேட்டதை அந்தப் பக்கத்தில் இருப்பவர் கடுகடுப்பாகப் படித்திருக்கலாம். இரண்டாம் மொழியில் எழுதுவதில் மனசை வருத்துவது இதுதான். இலக்கணம் தவறினால் சிரித்துவிட்டுப் போவார்கள், தொனி தவறினால் நம்மையே தவறாக நினைத்துக்கொள்வார்கள். 'ப்ளீஸ்' அல்லது 'குட் யூ' போதும்.

'டவுட்' என்பதும் இந்த வகைதான். தமிழில் சந்தேகம் என்றால் கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வியும் ஆகும், நம்பிக்கையின்மையும் ஆகும். ஆங்கிலச் சொல் இரண்டாவது பொருளை நோக்கியே சாயும். அறிக்கை அனுப்பியவரிடம் 'ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் ரிப்போர்ட்' என்று எழுதினால், அதை நீங்கள் நம்பவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். 'ஐ ஹேவ் எ க்வெஸ்சன் அபௌட்' என்று தொடங்குங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் வெவ்வேறு பக்கங்களில் வைத்திருக்கிறார்கள். 'ரிக்வெஸ்ட்' என்று தேடினால் முதலில் வருவது பெயர்ச்சொல். அங்கே 'ரிக்வெஸ்ட் ஃபார் சம்திங்' என்று தெளிவாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று எழுதினால் தவறு, ஏனென்றால் வினைச்சொல்லுக்கு 'ஃபார்' வேண்டாம். 'ஐ ரிக்வெஸ்ட் லீவ்' அல்லது 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்'. 'எம்ஃபசிஸ் ஆன்' என்பது பெயர்ச்சொல், வினையில் 'எம்ஃபசைஸ்' என்பதோடு 'ஆன்' வராது. 'டிஸ்கஷன் அபௌட்' சரி, 'டிஸ்கஸ் அபௌட்' தவறு. எனவே பக்கத்தின் தலையில் 'நௌன்' என்றிருக்கிறதா 'வெர்ப்' என்றிருக்கிறதா என்று பார்க்காமல் கீழே போகாதீர்கள். மற்றதற்கு மாற வேண்டிய இணைப்பு கைபேசியில் சட்டென்று கண்ணில் படாது. லாங்மன் இரண்டையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக வைத்திருப்பதால் இந்தக் குழப்பம் குறைவு, முதலிடம் தந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது கேம்பிரிட்ஜ். இதில் ஆங்கிலம்–தமிழ் அகராதி தனியாக இருக்கிறது. புதிய சொல் ஒன்றின் பொருளைச் சட்டென்று பிடிக்க உதவும், வாசிப்புக்கு நல்லது. எழுதும்போது மட்டும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். இருமொழி அகராதி பொருளைச் சொல்லும், வேற்றுமையைச் சொல்லாது. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஆங்கிலம்–தமிழ் அகராதி தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு அது பொக்கிஷம், ஆனால் 'சஜஸ்ட்' என்ற சொல்லை ஆங்கில வாக்கியத்தில் எப்படி நிறுத்துவது என்பதற்கு அதைக் கேட்பது முறையல்ல.

கேம்பிரிட்ஜின் உண்மையான பலம் அதே தளத்தில் இருக்கும் இலக்கணப் பகுதி. சில பிழைகளை எந்த அகராதியும் பிடிக்காது, ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகச் சரியாகவே இருக்கும். நம் 'தான்', 'ஏ' இரண்டும் இப்படிப்பட்டவை. 'அவர்தான் சொன்னார்' என்பது 'ஹி ஒன்லி டோல்ட்' ஆகிறது, 'இன்றே அனுப்புகிறேன்' என்பது 'டுடே இட்செல்ஃப் ஐ வில் சென்ட்' ஆகிறது. தமிழில் ஓர் இடைச்சொல்லை ஒட்டினால் முடிந்துவிடும் அழுத்தத்தை ஆங்கிலம் வாக்கியத்தைப் பிளந்து கொண்டுவருகிறது: 'இட் வாஸ் ஹிம் ஹூ டோல்ட் மி'. 'டோல்ட்' என்பதற்குப் பின்னால் யாரிடம் சொன்னார் என்பதும் வந்தாக வேண்டும், கவனியுங்கள். கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் 'கிளெஃப்ட் சென்டன்சஸ்' என்று தேடினால் இதற்கான பக்கம் கிடைக்கும். 'இட்செல்ஃப்' விஷயத்தில் எளிய வழி, பல இடங்களில் அதை நீக்கிவிடுவதே. 'ஐ வில் சென்ட் இட் டுடே' போதுமான அழுத்தத்தோடுதான் இருக்கிறது.

பிழைதிருத்தும் மென்பொருள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். எழுத்துப்பிழைக்கும் ஒருமை–பன்மை இசைவுக்கும் அவை நன்றாகவே உதவும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அவை திருத்தித் தந்ததை அழுத்தி ஏற்றுக்கொண்டு போவதில் அடுத்த முறையும் அதே பிழை வரும். தமிழில் எழுதி இயந்திரத்திடம் மொழிபெயர்க்கக் கொடுப்பதில் வேறு தொல்லை. 'அவர் நாளை வருவதாகச் சொன்னார்' என்பதில் அவர் ஆணா பெண்ணா என்பது தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும். முன்பின் வாக்கியம் தெரியாத இயந்திரம் தானாக ஒன்றைத் தேர்ந்துவிடும். ஆசிரியைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் அது.

பயன்படுத்தும் முறை பற்றி ஒன்று. எழுதிக்கொண்டிருக்கும்போதே அகராதியைத் திறக்காதீர்கள், ஓட்டம் அறுந்துவிடும். முதல் வரைவைப் பிழையோடு முடித்துவிட்டு, பின்னால் 'டு', 'ஃபார்', 'அபௌட்', 'வித்' வரும் இடங்களில் மட்டும் முன்னால் நிற்கும் வினையைத் தேடுங்கள். பிறகு 'எஸ்' சேர்த்த பெயர்ச்சொற்களை ஒரு முறை பாருங்கள். சாதாரண மின்னஞ்சலில் ஆறேழு சொற்களுக்கு மேல் போகாது. தேடும்போது 'டிஸ்கஸ்ட்' என்று இறந்தகாலத்தில் தேடாமல் வேர்ச்சொல்லாகவே தட்டுங்கள்.

கணினியில் குரோம் உலாவி வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் தேடுபொறிப் பகுதிக்குப் போய், தளத் தேடல் என்பதில் லாங்மனைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். பெயருக்கு ஏதாவது, குறுக்குவழிக்கு ஒற்றை எழுத்து. முகவரிக் கட்டத்தில், லாங்மனில் ஏதாவது ஒரு சொல்லின் பக்கத்தைத் திறந்து அதன் முகவரியை ஒட்டி, கடைசியில் இருக்கும் சொல்லை மட்டும் அழித்துவிட்டுச் சதவீதக் குறியும் ஆங்கிலச் சின்ன எஸ்ஸும் இடைவெளி இல்லாமல் போடுங்கள். அதன் பிறகு முகவரிப் பட்டையில் அந்த ஒற்றை எழுத்து, ஓர் இடைவெளி, தேட வேண்டிய சொல் என்று தட்டினால் நேராக அந்தப் பக்கம் திறக்கும். ஆக்ஸ்ஃபோர்டை இப்படிச் சேர்ப்பதாக இருந்தால் அங்கே ஏதாவது ஒரு சொல்லைத் தேடிவிட்டு, முகவரி எப்படி அமைகிறது என்று பார்த்துச் சேர்க்க வேண்டும், பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் முகவரி மாறும்.